ஏகோன் ஓல்சனின் திட்டங்கள்

டென்மார்க்கின் நகைச்சுவைப் படங்களில் ஓல்சன் கும்பல் வரிசைக்கு இணையாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை. எரிக் பாலிங் இயக்கத்தில் 1968 முதல் 1981 வரை 13 படங்கள் வந்தன. கதை ஏறக்குறைய ஒன்றேதான்: சிறையிலிருந்து வெளிவரும் ஏகோன் தன் கூட்டாளிகள் பென்னியிடமும் கெல்டிடமும் ஒரு திட்டம் இருப்பதாக அறிவிப்பார், கொள்ளையடித்த பணம் கைக்கு வந்து நழுவிவிடும், பெரும்பாலும் அவர் மறுபடியும் சிறைக்கே போய்ச் சேருவார்.

முடிவு இன்னதென்று தெரிந்தும் மக்களை இழுத்தது அந்தத் திட்டங்களின் நேர்த்தி என்பேன். 1976இல் வந்த படத்தில் மூவரும் கோபன்ஹேகன் அரச நாடக அரங்கின் அடித்தளச் சுவர்களை உடைத்துக்கொண்டு முன்னேறுகிறார்கள். மேலே குலாவ் இசையமைத்த ‘எல்வர்ஹொய்’ நாடகத்தின் முன்னிசை ஒலித்துக்கொண்டிருக்கிறது. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதால், சுருட்டும் வட்டத் தொப்பியுமாக நிற்கும் ஏகோன் இசைக்குழு நடத்துநரைப் போலவே கையசைக்க, துளைக்கருவியும் சம்மட்டியும் வெடியும் அந்தந்த இசைத் துணுக்கோடு இம்மி பிசகாமல் சேர்ந்து விழுகின்றன. வசனத்துக்கு வேலையே இல்லாத அந்தச் சில நிமிடங்களுக்காக எத்தனை முறை ஒத்திகை பார்த்திருப்பார்களோ என்று ஒவ்வொரு முறையும் வியந்துபோகிறேன்.

டென்மார்க்குக்கு வெளியே இப்படங்களை மிகவும் கொண்டாடியவர்கள் அன்றைய கிழக்கு ஜெர்மனி மக்கள். அரசு நிறுவனமான டேஃபா ஜெர்மன் குரல் கொடுத்து வெளியிட்டது. மேற்கு ஜெர்மனியிலோ அந்த அளவு வரவேற்பு இல்லை. கையில் கிடைத்த சாதாரணப் பொருள்களை வைத்துக்கொண்டு பெரும் பணக்காரர்களையும் அதிகாரிகளையும் ஏய்க்கும் மூன்று எளிய மனிதர்களிடம், தட்டுப்பாட்டுக்கு நடுவே வாழ்ந்த அம்மக்கள் தங்களையே கண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் இன்றும் இதற்கு ரசிகர் மன்றம் இருக்கிறது. நார்வே 1969லேயே தன் சொந்த ஓல்சன் கும்பலை உருவாக்கிக்கொண்டது. சுவீடனும் 1981இல் அவ்வழியில் இறங்கியது.

1998இல் வந்த பதினான்காம் படத்தை மட்டும் என்னால் இவற்றோடு சேர்க்க முடியவில்லை. கெல்டின் மனைவி இவோனாக நடித்து, தன் ஓயாத பேச்சால் ஏகோனைப் படாத பாடு படுத்திய கிர்ஸ்டன் வால்தர் 1987லேயே காலமாகிவிட்டார். கெல்டாக நடித்த பவுல் புண்ட்கோர் படப்பிடிப்பு முடிவதற்குள் இறந்துபோனார். புதிதாகப் பார்க்க விரும்புவோர் 1976ஆம் ஆண்டுப் படத்திலிருந்தே தொடங்கலாம்.