விற்பதற்கு முன் வீட்டைத் தட்டிப் பார்த்தோம்

ஐஸ் பெட்டியை நகர்த்திய அன்றுதான் அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்தேன். சமையலறையில், பழைய வீடும் பின்னால் நீட்டிக் கட்டிய பகுதியும் சேருகிற இடத்தில், மேலிருந்து இறங்கி வருகிறது ஒரு வெடிப்பு. அதன் ஓரத்தில் குறுக்காக ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் 12.3.2009. இரண்டு விரல் கீழே இன்னொரு கோடு, 2011. அதற்கும் கீழே கடைசிக் கோடு, 2013. வெடிப்பு அந்தக் கோட்டோடு நின்றிருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். "அவரு வருசத்துக்கு ஒருக்கா ஐஸ் பெட்டிய நகர்த்தச் சொல்வாரு. சுவரு இன்னும் இறங்குதான்னு பார்ப்பாரு" என்றார்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது 1987இல் 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய வரிசை வீடு. அந்தக் காலத்தில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்த விலையே அதுதான். அப்பா லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். வேலை முடிந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். தாத்தா அப்படி வெளியேறியதை அப்பா கண்ணால் பார்த்தவர். அதனால்தான் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டி, அம்மா பெயரிலேயே வீட்டை எழுதினார். 2019இல் அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, 2024 தொடக்கத்தில் என்னோடு ஈப்போவுக்கு வரச் சம்மதித்தார். வீட்டை விற்கலாம் என்று அவரேதான் சொன்னார்.

முகவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதி வீடுகளை விற்றுக் கொடுத்தவர். "சாயம் அடிங்க டீச்சர், முன் கேட்டை மாத்துங்க, அந்த வெடிப்புல சிமெண்ட் பூசிடுங்க. ரெண்டு மாசத்துல போயிடும்" என்றார். சாயக்காரரிடம் விலைகூடக் கேட்டுவிட்டேன். ஐஸ் பெட்டியை நகர்த்தியதே அதற்காகத்தான். ஆனால் அந்தத் தேதிகளைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. நான்கு வருடம் ஒரு மனிதர் குனிந்து குனிந்து கவனித்த வெடிப்பு. அதை மூடி மறைத்து இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது சரியில்லை என்று பட்டது. முதலில் வீட்டில் என்னென்ன கோளாறு என்று நாமே தெரிந்துகொள்வோம், சாயம் அப்புறம் என்று முடிவு செய்தேன்.

ஈப்போவிலிருந்து ஒரு கட்டட ஆய்வாளரை வரவழைத்தேன். கட்டணம் 700 வெள்ளி. நம் நாட்டில் புது வீட்டின் சாவி கிடைத்ததும் குறை கண்டுபிடிக்கத்தான் இவர்களைக் கூப்பிடுவார்கள். பழைய வீட்டை விற்கிறவரே கூப்பிடுவது அபூர்வம் என்று அவரும் சொன்னார். மழை பெய்த மறுநாள் வரச் சொன்னேன். வெயில் காலத்தில் பார்த்தால் கூரை ஒழுகுவது தெரியாது. நீங்களும் ஆய்வு வைத்தால் மழையை ஒட்டியே வையுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு வந்தவர் பன்னிரண்டரைக்குத்தான் முடித்தார். முனையில் சின்னக் குண்டு வைத்த கம்பியால் தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். உள்ளே பிடிப்பு விட்ட டைல்ஸ் வேறு மாதிரி ஒலிக்கிறது, கேட்டால் யாருக்கும் தெரியும். ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார், கூரைக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார். மொத்தம் 41 குறைகள். பட்டியலைப் பார்த்து அம்மா முகம் வாடிவிட்டது. "இவ்வளவு மோசமான வீட்டுலயா இருந்தோம்?" என்று கேட்டார். ஆய்வாளர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: "ஆன்ட்டி, 37 வயசு வீட்டுக்கு இது சாதாரணம். இதுல ஆறுதான் அவசரம்."

வெடிப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீட்டிக் கட்டிய சமையலறை உள்ள பல வீடுகளில் இது இருக்கும். அப்பா 1996இல் பின்புறத்தை நீட்டினார். பழைய வீடு ஓர் அடித்தளத்தில் நிற்கிறது, புதுப் பகுதி வேறோர் அடித்தளத்தில். பழையது எப்போதோ இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதியது கட்டிய பிறகு மெல்ல இறங்குகிறது. இரண்டும் சேருமிடம் பிளக்கத்தான் செய்யும். அங்கே சிமெண்ட் பூசினால் அது வளைந்து கொடுக்காது, சில மாதத்தில் மறுபடியும் வெடிக்கும். வெடிப்பைக் கொஞ்சம் அகலமாகக் கீறி, இழுவையைத் தாங்கும் ரப்பர் மாதிரியான பசையால் அடைக்க வேண்டும். இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆறு மாதமாவது குறித்து வைத்துப் பார்க்க வேண்டுமாம். நான் பென்சில் கோடுகளைக் காட்டினேன். அவர் கைப்பேசி விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். "2013க்கு அப்புறம் நகரவே இல்ல. உங்கப்பா என் வேலையைப் பார்த்து வச்சிருக்காரு" என்றார். 450 வெள்ளியில் அந்த வேலை முடிந்தது.

அந்த நீட்டிப்பின் கூரை அஸ்பெஸ்டாஸ். சுவரோடு சேரும் இடத்தில் ஒழுகியது. நான் முதலில் பேசிய குத்தகையாளர் மின்ரம்பத்தோடு ஏணியில் ஏறிவிட்டார், அறுத்துத் துண்டு துண்டாக இறக்குகிறேன் என்று. கீழே அம்மா துணி காயப்போட்டுக் கொண்டிருந்தார். அஸ்பெஸ்டாஸை அறுத்தால் பறக்கும் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும், நோய் பல வருடம் கழித்துத்தான் தெரியும். உடனே நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் கோபம், கொடுத்த முன்பணத்தில் 500 வெள்ளி திரும்பி வரவில்லை. வேறு ஆள் வந்தார். முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றித் தகடுகளை உடைக்காமல் முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டினார். குப்பை லாரியில் போடாமல், இந்த மாதிரிக் கழிவை எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுத்தோம். புதுத் தகரக் கூரையோடு 3,800 வெள்ளி. என் பட்டியலிலேயே பெரிய செலவு இதுதான். திரும்பச் செய்யச் சொன்னாலும் இதைத்தான் முதலில் செய்வேன்.

மின்சாரம் எங்களைப் பயமுறுத்தியது. இஎல்சிபி என்று எல்லாரும் சொல்கிற கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும், அழுத்தினால் வீட்டு மின்சாரம் டக்கென்று நிற்க வேண்டும். ஆய்வாளர் அழுத்தினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை அழுத்தியும் அப்படியே. மின்கசிவு வந்தால் உயிரைக் காப்பாற்ற வேண்டிய கருவி, எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. அம்மா தினமும் அந்த வீட்டில்தான் சுடுநீரில் குளித்தார். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் வந்து பெட்டியையே மாற்றினார். எவ்வளவு கசிந்தால் மின்சாரம் நிற்கும் என்ற அளவு, வீடு முழுக்க 100 மில்லிஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்களுக்கான பிளக்குகளுக்கு 30, குளியலறைச் சூடேற்றிக்குத் தனியாக 10. 2,600 வெள்ளி. இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். வீட்டை விற்கிறீர்களோ இல்லையோ.

பின் அறைக் கதவுச் சட்டத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டியபோது காலி பிஸ்கட் டின் மாதிரிச் சத்தம் வந்தது. சாயம் மட்டும்தான் மீந்திருந்தது, உள்ளே மரமே இல்லை. பூச்சி மருந்துக்காரர் ஒரு துண்டைப் பெயர்த்து, வெளியே ஓடி வந்த பெரிய தலைக் கறையானைக் குச்சியால் தொட்டார். அதன் நெற்றியில் வெள்ளையாக ஒரு துளி சுரந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது தோட்டத்துக் கறையான். பச்சை மரத்தையே குடைஞ்சு சாய்ச்சிடும், தொட்டா பால் கக்கும்" என்றார். மருந்துக்காரர் ஆமாம் என்றார். கொப்டோடெர்மிஸ் என்ற வகையாம், நம் நாட்டு வீடுகளுக்கு அதிகச் சேதம் செய்வது இந்த இனம்தான். எங்கள் தாமானே ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த நிலத்தில் எழுந்தது. மண்ணுக்குள் விட்ட வேர்க்கட்டைகள் அவற்றுக்குத் தீனி. சுவர் ஓரமாகத் தரையில் துளை போட்டு மருந்து இறக்க 1,300 வெள்ளி. உத்தரவாதக் கடிதத்தில், வீடு கைமாறினாலும் செல்லும் என்று எழுதி வாங்கினேன்.

தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிக்க யாரும் வேண்டியதில்லை. எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால் போதும். எங்கள் மீட்டரின் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. குளியலறைத் தரைக்கு அடியில் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து அரித்திருந்தது. 900 வெள்ளி.

தம்பி ஜொகூர் பாருவில் இருக்கிறான். கணக்கை அனுப்பியதும் அழைத்தான். "அக்கா, வாங்குறவங்க எப்படியும் இடிச்சுக் கட்டுவாங்க. எதுக்கு இவ்வளவு?" அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சமையலறை அலமாரி, கேட்டு, பிடிப்பு விட்ட 14 டைல்ஸ், எதையும் தொடவில்லை. அழகு அவரவர் விருப்பம், வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர், மின்சாரம், கூரை, கறையான் அப்படியல்ல. அவனிடம் அந்தப் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாதிச் செலவை அனுப்புவதாகச் சொன்னான்.

ஆறாவது அவசரம் காகிதத்தில் இருந்தது. 1996 சமையலறைக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லை. வாங்குகிறவர் வங்கிக் கடன் கேட்கும்போது மதிப்பீட்டாளர் வருவார், அனுமதி இல்லாத பகுதியை அவர் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அப்போது கடன் குறையும், பேரமே முறியும். வரைபடம் போட்டு, கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கொடுத்து, அனுமதி வர இரண்டரை மாதம் ஆனது. வரைபடத்துக்கும் கட்டணத்துக்கும் 1,800. மற்ற வேலைகள் நடக்கும்போதே இதைத் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. பட்டாவையும் அப்போதே எடுத்துப் படித்தேன். 99 வருடக் குத்தகை நிலம், மாநில அரசின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று கட்டுப்பாடு இருந்தது. வழக்கறிஞர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்ததால், வாங்க வந்தவர்களிடம் முதல் நாளே சொல்ல முடிந்தது. நில வரி, வீட்டு வரி ரசீதுகளையும் சேர்த்து வைத்தேன். சொத்து விற்பனை ஆதாய வரி எங்களுக்கு இல்லை. 2022 ஜனவரி 1 முதல், குடிமக்கள் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் அது சுழியம். ஆனாலும் படிவம் அனுப்பத்தான் வேண்டும்.

கடைசியில்தான் சாயம், 2,700 வெள்ளி. ஆய்வுக் கட்டணத்தோடு சேர்த்து மொத்தம் 14,250, போன 500 தனி. சாயக்காரர் சமையலறைக்கு வருமுன் அந்தப் பென்சில் தேதிகளைப் படம் எடுத்து அச்சடித்து, ஆய்வு அறிக்கையோடு கோப்பில் வைத்தேன். 41 குறைகளும் அதில் இருந்தன. சரி செய்தவற்றுக்கு ரசீது, செய்யாதவற்றுக்குப் பக்கத்தில் 'செய்யவில்லை' என்ற குறிப்பு. முகவருக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் நாமளே சொல்லணுமா டீச்சர்?" என்றார். சொல்லத்தான் வேண்டும் என்றேன்.

மூன்றாவதாக வந்த இளம் தம்பதிதான் வாங்கினார்கள். பெண்ணின் அப்பா கூட வந்திருந்தார், அவரும் தோட்டத்தில் வளர்ந்தவர். வந்ததும் கதவுச் சட்டத்தைத்தான் விரலால் தட்டினார். நான் கோப்பை நீட்டினேன். முன் அறையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடி போட்டு, அம்மா கொடுத்த தேத்தண்ணி ஆறும்வரை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். வெடிப்புப் படம் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய், அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். 168,000 கேட்டோம், டைல்ஸுக்கும் அலமாரிக்கும் என்று சொல்லி 162,000க்கு முடித்தார்கள். வேறு எதற்கும் பேரம் பேசவில்லை. ஒப்பந்தம், பத்து விழுக்காட்டு முன்பணம், மாநிலச் சம்மதம், வங்கி எல்லாம் முடிந்து அடுத்த வருடம்தான் சாவி கைமாறியது.

சாவி கொடுத்த அன்று அம்மா அந்தப் பெண்ணை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, மீட்டர் பக்கத்தில் உள்ள வால்வைக் காட்டினார். "வெளியூரு போனா இதை மூடிட்டுப் போம்மா. வலது கைப் பக்கம் திருப்பணும், கொஞ்சம் இறுக்கமா இருக்கும்." அந்தப் பெண் திருப்பிப் பார்த்தாள். மீட்டர் அசையவில்லை.