பாட்டியின் வேண்டுதல், மகளின் 399 படிகள்

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒசாகாவில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த நாட்களில் நான் முருகா முருகா என்று அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டி எனக்குத் தெரியாமலே ஹசேதெரா என்ற புத்தக் கோயிலின் கருணைத் தெய்வமான கன்னோனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார்: "இந்தக் குழந்தை தன் காலால் ஏறி வந்து உன் காலைத் தொட வேண்டும்." நடக்கத் தாமதமாகும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்த நேரம் அது.

மகளுக்கு மூன்று வயது முடிந்ததும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று பாட்டியே நாள் குறித்தார். ஏப்ரல் முதல் வாரம். வேண்டியது யாராக இருந்தால் என்ன, பிழைத்தது என் பிள்ளை. கிளம்பிவிட்டோம்.

நாரா பக்கம், சகுராய் ஊரின் மலைக்குள் இருக்கிறது கோயில். ரயில் நிலையம் ஒரு சரிவில், கோயில் எதிர்ச் சரிவில். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததுமே செங்குத்தாகப் படி இறங்க வேண்டும். முழங்கால் ஆபரேஷன் ஆன பாட்டி, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். கை கொடுத்தால் வாங்கவில்லை. ஆற்றைத் தாண்டினால் கடைத்தெரு. மாசிபத்திரி இனத்து இலையை இடித்துச் சேர்த்த பச்சை நிற அரிசிப் பலகாரமான குசாமோச்சியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை ஆளை இழுத்தது. பாட்டி மட்டும், "தரிசனம் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நியோமொன் வாசலைத் தாண்டியதும் கூரை போட்ட நீண்ட படி மண்டபம். மொத்தம் 399 படிகள், மேலே வரிசையாக உருண்டை விளக்குகள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சகுரா என்கிற செர்ரிப் பூவைப் படம் பிடிக்க, வழியை மறித்துக் கேமரா ஸ்டாண்ட் போட்டு நிற்கிறார்கள். ஒருவர், படத்தில் விழுகிறாள் என்று என் மகளை ஒதுங்கச் சொன்னார். பூவைப் படம் பிடியுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் சாமி கும்பிடப் போகிற குழந்தையை நிறுத்தி வைக்கலாமா? பாட்டி ஒன்றும் பேசாமல் அவருக்குத் தலை வணங்கிவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டைச் சுற்றி ஏறினார்.

நல்லவேளை, படிகள் உயரம் குறைந்தவை. பாதி வழியில் மகள் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் கணவர் தூக்கப் போனார். பாட்டி "வேண்டாம்" என்று கையை நீட்டித் தடுத்து, தானும் அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே மலை முழுக்க சகுரா. காற்றில் வந்த ஓர் இதழ் மகளின் ஷூ மேல் ஒட்டியது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டவள், தானே எழுந்து ஏறினாள்.

பெரிய மண்டபம், அன்று ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் இயெமிட்சு ஷோகன் கொடையில் 1650-ல் எழுந்தது. உள்ளே நிற்கும் பதினொரு முகக் கன்னோன் பத்து மீட்டருக்கு மேல் உயரம். நெருப்பில் திரும்பத் திரும்ப அழிந்து, 1538-ல் மறுபடி செதுக்கிய மரத் திருமேனி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டும் கீழே பாதம் வரை போக விடுகிறார்கள். ஐந்து நிறக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு குறுகலான வழியில் நுழைந்தோம்.

நம் கோயில்களில் மூலவரைத் தொட முடியுமா? பண்டரிபுரத்தில்தான் அந்தக் கொடுப்பினை என்று அம்மா சொல்வாள். இங்கே, எத்தனையோ தலைமுறைக் கைகள் தடவிக் கறுத்து மின்னும் அந்தப் பாதங்கள் என் முன்னால். கன்னோன் கையில் ஊன்றுகோல். தாமரை மேல் அமராமல் கல்லின் மேல் நிற்கிறார். கஷ்டப்படுகிறவர்களைத் தேடி நடந்து போகத்தான் அந்தக் கோல் என்பார்களாம். நடப்பாளா நடப்பாளா என்று நான் பயந்த பிள்ளை, நடக்கிற சாமியின் கால்விரலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் பாட்டி கண்ணை மூடி முணுமுணுத்தார்: "ஓன் மகா க்யாரோனிக்யா சோவாகா." இரண்டாம் முறை சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓம் மஹா காருணிகாய ஸ்வாஹா! மகா கருணையே என்று நமக்குப் பழகிய சமஸ்கிருதச் சொல்லால்தான் இத்தனை நாளும் என் குழந்தைக்காகக் கூப்பிட்டிருக்கிறார். அகத்தியருக்குத் தமிழ் சொன்னவர் என்று வீரசோழியம் என்ற பழைய பௌத்தத் தமிழ் இலக்கண நூல் சொல்லும் போதிசத்துவர் அவலோகிதர்தானே இந்தக் கன்னோன்! வேண்டிக்கொள்ள எனக்கு ஒன்றும் வரவில்லை. நெற்றியைப் பாதத்தில் வைத்து நன்றி, நன்றி என்று மட்டும்தான் சொன்னேன். பின்னால் வரிசை நின்றது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

பாட்டி மரியாதைச் சொல் சேர்த்து "கன்னோன் சாமா" என்றார். மகள் "கன்னோன் சாமி" என்றாள்.

மண்டபத்தின் முன் மேடைக்கு வந்தபோது நடுப்பகல். மணி அடித்து, சங்கு ஊதினார்கள். அப்புறம் கீழே இறங்கிக் கடைத்தெருவில் சூடாகக் குசாமோச்சி வாங்கினோம். பாட்டி முதல் விள்ளலைப் பிட்டு, ஊதி ஆற்றி, மகள் வாயில் ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிட்டார்.