அறுவடைக்கு யார் வரலாம்?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் நெல் விளையும் ஒரு கிராமத்தில் ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய வேண்டுமானால், அதற்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. பிறருடைய வயலில் கதிர் அறுக்கப் போகும் உரிமை அதற்கு இருந்ததா, அந்த உரிமை எப்போது போயிற்று என்றும் கேட்க வேண்டும். யோக்யகர்த்தாவில் வேலை நிமித்தம் வசித்த காலத்தில், உடன் பணியாற்றிய நண்பரின் தாயார் வீட்டுக்கு விடுமுறை நாட்களில் சென்று தங்குவது என் வழக்கமாக இருந்தது. ஊரார் அழைப்பதைப் போலவே அவரை நானும் 'ம்பா' என்று, அதாவது பாட்டி என்று, அழைத்தேன். அவர் பேச்சுவாக்கில் சொன்னவற்றையும் அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த ஊர் யோக்யகர்த்தாவுக்கும் சூராகார்த்தாவுக்கும் இடையே, மெராபி எரிமலையின் அடிவாரச் சரிவில் உள்ள க்ளாத்தென் மாவட்டத்தைச் சேர்ந்தது. எரிமலைச் சாம்பல் வளப்படுத்திய மண்ணும், அடிவாரத்தில் ஆங்காங்கே பொங்கும் ஊற்றுகளும் உள்ள பகுதி இது. இதே மாவட்டத்து டெலாங்கு அரிசிக்கு இந்தோனேசியா முழுவதும் பெயருண்டு. ஆகவே வறுமைக்கான காரணத்தை மண்ணில் தேடிப் பயனில்லை. ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஜாவாத் தீவில், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 கோடிக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில் பயிர் செய்பவரை அங்கே 'பெத்தானி குரெம்' என்பார்கள். அத்தகைய குடும்பங்கள் நாடு முழுவதும் 2013-இல் சுமார் 1.42 கோடியாக இருந்தன. 2023 வேளாண் கணக்கெடுப்பில் அவை சுமார் 1.69 கோடியாக உயர்ந்துள்ளன. இவர்களில் பெரும்பான்மையோர் ஜாவாவில் இருக்கிறார்கள்.

கால் ஹெக்டேருக்குச் சற்று அதிகமாக, 0.3 ஹெக்டேர் நஞ்சை வைத்திருக்கும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நல்ல போகத்தில் இரண்டு டன் ஈர நெல் கிடைக்கும். 2025-இல் அரசு நிர்ணயித்த கிலோவுக்கு 6,500 ரூப்பியா என்ற விலை முழுமையாகக் கைக்கு வந்தால் 1.3 கோடி ரூப்பியா ஆகும். உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, அறுவடை என்று செலவு பாதியை எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால், நான்கு மாத உழைப்புக்கு மிஞ்சுவது மாதம் சுமார் 16 லட்சம் ரூப்பியா. மத்திய ஜாவா மாகாணத்தின் அந்த ஆண்டுக் குறைந்தபட்ச மாத ஊதியமோ சுமார் 21.7 லட்சம். இது சொந்த நிலக்காரரின் கணக்கு. நிலத்தைப் பாதி வாரத்துக்கு எடுத்துப் பயிரிடுபவருக்கு, விளைச்சலில் பாதி நிலக்காரரிடம் போன பின்பு எஞ்சுவதைத் தனியே கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

நிலமே இல்லாத குடும்பங்கள் இத்தனை தலைமுறைகளாக எப்படிப் பிழைத்தன என்ற கேள்விக்கு ம்பாவிடம் பதில் இருந்தது. அவருடைய இளமைக் காலத்தில் அறுவடை என்பது பெண்களின் வேலை. 'அனி-அனி' எனப்படும், உள்ளங்கைக்குள் அடங்கும் மரக்கட்டையில் பொருத்திய சிறு அலகைக் கொண்டு, ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே கொய்வார்கள். பெரிய கத்தியைக் கண்டால் நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீ அஞ்சி விலகிவிடுவாள் என்பது நம்பிக்கை. வேலை மெதுவாக நடக்கும் என்பதால் நிறையக் கைகள் தேவைப்பட்டன. நிறையக் கைகள் வருவதற்கு வழக்கமும் இடம் கொடுத்தது. கதிர் முற்றிய செய்தி பரவினால் அக்கம்பக்கத்துப் பெண்களும் அடுத்த ஊர்ப் பெண்களும் வந்து வரப்பில் இறங்குவார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்புவது நிலக்காரருக்கு இழுக்கு. கொய்த நெல்லில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. 'பாவொன்' எனப்பட்ட இந்தப் பங்கு ஊருக்கு ஊர், உறவுக்கு உறவு மாறியது. பத்தில் ஒன்று என்பது பலரும் சொல்லும் அளவு. கூலி நெல்லாகவே கிடைத்ததால் விலை ஏற்றத்தாழ்வு அதைத் தொடவில்லை. வீட்டு உரலில் குத்தினால் அரிசி, தவிடு கோழிக்கு. பிறருக்காக நெல் குத்திக் கொடுப்பதும் ஏழைப் பெண்களுக்கு ஒரு வருமானமாக இருந்தது.

1950-களில் கிழக்கு ஜாவாவில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், இத்தகைய ஏற்பாடுகளைப் பகிர்ந்துகொண்ட வறுமை என்று வர்ணித்தார். பங்கு கொடுத்தவரும் பங்குக்கு நின்றவரும் ஒரே நிலையில் ஒருபோதும் இருக்கவில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதை மறுத்தனர். எனக்கும் மறுத்தவர்களின் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஆயினும், கீழே இருந்தவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்.

அந்தப் பிடிமானம் 1960-களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளுக்குள் தளர்ந்தது. பசுமைப் புரட்சியோடு வந்த குட்டை ரக நெல் எளிதில் உதிரும். அதற்கு அரிவாள் பொருந்தியது, அரிவாளுக்குச் சில ஆண்கள் போதும். அதே வேளையில் 'தெபாசான்' என்ற முறை பரவியது. அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே, நிற்கும் பயிரை நிலக்காரர் வெளியூர் வியாபாரியிடம் மொத்தமாக விற்றுவிடுவார். வியாபாரி தன் ஆட்களுடன் வந்து அறுத்துக்கொண்டு போவார். இதில் விலையைவிட முக்கியமானது, "நெல் இப்போது என்னுடையதில்லை" என்று நிலக்காரர் அண்டை வீட்டுப் பெண்ணிடம் சொல்ல முடிந்ததுதான். யாரையும் விரட்டாமலேயே கடமை கழிந்துவிட்டது. 1970-களின் முற்பகுதியில் சிறு நெல் அரைவை மில்கள் வேகமாகப் பெருகவே, உரல் உலக்கை வேலையும் போயிற்று.

விளைச்சல் பெருகியது உண்மைதான். 1984-85 வாக்கில் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்ததாக அறிவித்தது. அளவற்ற பூச்சிமருந்து, நெல்லைத் தாக்கும் புகையான் என்னும் பூச்சியைக் கட்டுப்படுத்துவதற்கு மாறாகப் பெருக்கியதால், 1986-இல் 57 மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்த அரசே தடை விதிக்க நேர்ந்தது. அதன் பிறகும் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் க்ளாத்தென் வயல்கள் புகையானால் கருகின.

இவ்வளவு பெரிய மாற்றத்தை ஏன் எவரும் எதிர்க்கவில்லை என்பதற்கான விடை அதற்கு முந்திய சில ஆண்டுகளில் இருக்கிறது. 1960-இல் இயற்றப்பட்ட சட்டங்கள், மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் நஞ்சைக்கு ஐந்து ஹெக்டேர் உச்சவரம்பு வகுத்தன. நிலக்காரருக்கும் பயிரிடுபவருக்கும் இடையிலான வாரப் பங்கையும் முறைப்படுத்தின. அவை ஏட்டளவில் நின்றபோது, கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த விவசாயிகள் முன்னணி 1963 முதல் நிலங்களில் நேரடியாக இறங்கியது. க்ளாத்தென் அந்தப் போராட்டத்தின் முக்கியக் களங்களில் ஒன்று. 1965 அக்டோபருக்குப் பின் ராணுவமும் அதன் துணைக் குழுக்களும் நடத்திய படுகொலையில் அந்த இயக்கம் அழிந்தது. பின்னர் ஆட்சிக்கு வந்த ராணுவத் தளபதி சுஹார்த்தோவின் அரசு, தேர்தல் காலம் தவிர அரசியல் கட்சிகள் கிராமத்தில் இயங்கக் கூடாது என்று ஆக்கியது. அரிவாளும் வியாபாரியும் வந்தபோது நிலமற்றவருக்காகப் பேசும் அமைப்பு எதுவும் மிச்சமில்லை. அந்த ஆண்டைப் பற்றி ம்பா ஒருமுறை கூடப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

வெளியிலிருந்து வருபவர் கண்ணில் முதலில் படுவது, ஜாவாக் கிராமத்தின் ஒற்றுமைதான். வீடு கட்டும்போது ஆண்கள் கூலியின்றி வந்து கூரை ஏற்றுகிறார்கள். விசேஷ வீட்டில் பெண்கள் நாள்கணக்கில் சமைக்கிறார்கள். இரவுக் காவலுக்குப் போகும் ஆண்கள், வீட்டு முகப்பில் தொங்கும் சிறு டப்பாவிலிருந்து ஒரு பிடி அரிசியை, இப்போது பெரும்பாலும் ஒரு நாணயத்தை, பொது நிதிக்கு எடுத்துச் செல்கிறார்கள். இவை பொய்யல்ல. ஆனால் இதே ஒற்றுமைக்கு ஒரு கட்டணமும் உண்டு. இஸ்லாமிய ஆண்டின் இறுதியான 'பெசார்' மாதத்தில் திருமணங்கள் வரிசையாக வரும்போது, மொய் எழுதுவதற்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது நோட்டில் பதிவாகும். திருப்பிச் செய்யாமலிருக்க முடியாது. அறுவடைப் பங்கு என்ற வசதியுள்ளவரின் கடமை கழன்றுகொண்டது. மொய் என்ற எல்லோருக்குமான கடமை அப்படியே நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'கொத்தோங் ரோயோங்' என்னும் கூட்டுறவு மனப்பான்மையைப் புகழ்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

இன்று அரிவாள்காரர்களுக்கும் வேலை குறைந்துவருகிறது. கடந்த பத்தாண்டுகளில் கதிர் அறுக்கும் இயந்திரங்கள் அரசு உதவியுடன் பரவின. இயந்திரம் போன பிறகு சிந்திய கதிரைப் பொறுக்க வயதான பெண்கள் சிலர் வருகிறார்கள். ம்பாவின் தோழி ஒருவரும் அவர்களில் இருந்தார். இளையவர்கள் அருகிலுள்ள மாவட்டங்களின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் ஜாகர்த்தாவின் சுற்றுவட்டாரத்துக்கும் போய்விட்டார்கள். 2014-ஆம் ஆண்டுக் கிராமச் சட்டத்தின்படி 2015 முதல் மத்திய அரசின் நிதி நேரடியாகக் கிராமத்துக்கு வருகிறது. சந்துகளுக்கு சிமென்ட் தளமும் வாய்க்கால்களுக்குக் கரைச்சுவரும் அதனால் வந்தன.

சோலோ என்றும் அழைக்கப்படும் சூராகார்த்தாவையும் யோக்யகர்த்தாவையும் இணைக்கும் சுங்கச் சாலை க்ளாத்தென் வயல்களின் ஊடே போகிறது. கார்த்தசூராவிலிருந்து க்ளாத்தென் வரையிலான பகுதி 2024-இல் திறக்கப்பட்டது. நிலத்துக்கான இழப்பீடு சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. சிலர் அதைக் கொண்டு தொலைவில் வேறு வயல் வாங்கினார்கள், சிலர் கார் வாங்கினார்கள். அந்த வயல்களில் தலைமுறைகளாக அறுத்துப் பங்கு பெற்ற பெண்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை என்பதால், அளவை செய்ய வந்த அதிகாரிகளுக்கு அவர்களிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை.