ஆய்வுக் கட்டுரையும் ஏஐயும்

ஆங்கிலம் தாய்மொழியா இல்லாத ஆராய்ச்சி மாணவர்களுக்கு சாட்ஜிபிடி மாதிரி கருவிகள் பெரிய உதவி. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. உழைச்சுப் பண்ணின ஆய்வு, மொழி சரியில்லங்கிற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வர்றது கொடுமை. இலக்கணம் திருத்த, இழுத்துக்கிட்டே போற பத்தியைச் சுருக்க, தாராளமா பயன்படுத்துங்க.

ஆனா மேற்கோள் பட்டியலை மட்டும் அதுகிட்ட கேக்காதீங்க. ஆசிரியர் பேர் நிஜமா இருக்கும், ஆய்விதழும் நிஜமா இருக்கும், தொகுதி எண், பக்க எண், டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் தர்ற நிரந்தர இணைய அடையாள எண்) வரைக்கும் கச்சிதமா வரும். தேடிப் போனா அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம்னு கணிச்சு எழுதுறதுதான் அதோட அடிப்படை வேலை. இப்போ இணையத்துல தேடியும் தருது. அதுல இன்னொரு ஆபத்து: இணைப்பு சரியா இருக்கும், ஆனா அந்தக் கட்டுரை சொல்லாததைச் சொன்னதா எழுதியிருக்கும். மூலத்தைத் திறந்து படிக்காம ஒரு வரிகூட சேர்க்காதீங்க, ப்ளீஸ்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏஐ கண்டுபிடிக்கிற மென்பொருளை மட்டும் நம்பி மாணவரைத் தண்டிக்காதீங்க. சாட்ஜிபிடியை உருவாக்கின ஓபன்ஏஐ நிறுவனமே தன்னோட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதலன்னு 2023 ஜூலையில நிறுத்திடுச்சு. அதே வருஷம் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுல, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவங்க டோஃபல்ங்கிற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதின கட்டுரைகள்ல சராசரியா பாதிக்கு மேல ஏஐ எழுதினதுன்னு தப்பா முத்திரை விழுந்துச்சு. உதவி யாருக்கு அதிகம் தேவையோ, பழியும் அவங்க மேலதான் விழுது. சந்தேகம்னா கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க. வரைவுகளைக் காட்டச் சொல்லுங்க, இந்த ஆய்வு முறையை ஏன் எடுத்தீங்கன்னு கேளுங்க.