எட்டு மணிக்குக் கறுப்பு வாசலில்

கார்னிவல் என்றதும் எல்லோரும் ரியோ, வெனிஸ் என்பார்கள், ஜெர்மனிக்குள் கேட்டால் கொலோன். என் மனசு போவது தென்மேற்கு ஜெர்மனியின் சின்ன ஊர்களுக்குத்தான். அங்கே இதற்குப் பெயர் ஃபாஸ்நெட். சாம்பல் புதனோடு ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்பு தொடங்கிவிடும், அதற்கு முந்தைய ஆறு நாளும் ஊர் முழுக்க முகமூடி. 2025இல் அது பிப்ரவரி 27 முதல் மார்ச் 4 வரை. லீவு போட்டு, உள்ளேயே படுத்துத் தூங்கும்படியான ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டேன்.

வேன் எதற்கு என்று கேட்டார்கள். இந்த ஊர்வலங்களின் நேரம் அப்படி, ஒன்று விடிந்ததும் விடியாததுமாக, இல்லையென்றால் இருட்டிய பிறகு. அந்த நாட்களில் அறை கிடைப்பதும் கஷ்டம். ஆனால் பல சிற்றூர்களில் ஸ்டெல்ப்ளாட்ஸ் என்று வேன்களுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், சில யூரோ கொடுத்தால் ராத்திரி தங்கலாம். காலையில் கதவைத் திறந்தால் ஊருக்குள்ளேயே நிற்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் காட்டுப் பக்கம் எல்ட்சாக். அங்கே நாயகன் ஷுட்டிக் என்ற முகமூடி வேடம். சிவப்பு உடை, மரத்தில் செதுக்கிய முகம், தலையில் மூன்று முனை வைக்கோல் தொப்பி, அந்தத் தொப்பி முழுக்க நத்தை ஓடுகள். கையில் காற்றடைத்துக் காயவைத்த பன்றியின் சிறுநீர்ப்பை, அதால்தான் நம்மை அடிப்பார்கள். வலிக்காது, சத்தம்தான் பெரிசு. இருட்டிய பிறகு அதே கூட்டம் தீப்பந்தங்களோடு வந்தபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது.

அன்றிரவே மலைப்பாதையில் ரொட்வைலுக்கு வந்துவிட்டேன். ராட்வீலர் நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். எரிவாயுவை மிச்சம் பிடிக்கலாம் என்று ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கியது தப்பு. குளிர் மூன்று டிகிரி அளவுக்கு இறங்கினால், உள்ளே உறைந்து வெடிக்காமலிருக்க, பாய்லர் தண்ணீரைத் தானாகவே வெளியே விட்டுவிடும் ஒரு வால்வு இந்த வேன்களில் உண்டு. காலை ஐந்தரைக்கு எழுந்தால் வேனுக்கு அடியில் பனிக்கட்டி, குழாயில் சொட்டு வெந்நீர் இல்லை. சரி என்று பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு நடந்தேன்.

ஏழு மணிக்கே தெரு நிறைந்துவிட்டது. தெருவின் மேல் முனையில் கறுப்பு வாசல் என்று ஒரு பழைய கோட்டைவாசல், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டடம். எட்டு மணி அடித்ததும் பேண்டு வாசிக்க ஆரம்பித்தது, வாசலுக்குள்ளிருந்து அவர்கள் குதித்து வந்தார்கள். நாரென்ஸ்ப்ருங் என்பது அதுதான், கோமாளிகளின் பாய்ச்சல். சுமார் 4,000 பேர். க்ஷெல் என்ற வேடம் போட்டவர் உடம்பில் குறுக்கும் நெடுக்குமாக மணிப்பட்டைகள், ஒவ்வொரு குதிப்புக்கும் அத்தனை மணியும் ஒன்றாக அதிரும். ஃபெடராஹன்னெஸ் என்ற வேடக்காரருக்கு உடையெல்லாம் இறகு, நீளமான கழியை ஊன்றித் தாவுவார். அப்புறம் ஒரு குதிரை வந்தது. இடுப்பில் குதிரைக்கூட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் ஆட, பக்கத்தில் இரண்டு பேர் சாட்டையைச் சொடுக்குகிறார்கள். நம் பொய்க்கால் குதிரைதான், காலில் கட்டை மட்டும் இல்லை! தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன வயதில் பார்த்ததை அந்தக் குளிரில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அதற்கப்புறம் நடந்ததைத்தான். சிலர் கையில் படம் வரைந்த ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள், ஊர்க்காரர்கள் அந்த வருஷம் செய்த அசட்டுத்தனங்கள் அதில் இருக்கும். முகமூடி போட்டவருக்கு எல்லோரும் ‘நீ’தான், மேயராக இருந்தாலும். ஒருவர் நேரே என் முன்னால் வந்து நின்று புத்தகத்தைப் பிரித்தார், குரலை மாற்றி ஸ்வாபிய வட்டாரமொழியில் ஏதோ சொன்னார். பாதிக்கு மேல் புரியவில்லை, அதையும் சொன்னேன். கூட யாராவது இருந்திருந்தால் அவர்களைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்திருப்பேன், தனியாக இருந்ததால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மரமுகத்துக்குள்ளே இரண்டு கண்கள் சிரித்தன. பக்கத்திலிருந்த பாட்டி ஒருவர் எனக்காக வரிவரியாக நிதானமான ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தார், ஏணி இல்லாமல் கூரையில் மாட்டிக்கொண்ட ஒருவரின் கதை. கதை முடிந்ததும் அந்தக் கோமாளி பையிலிருந்து ப்ரெட்ஸெல் என்ற முறுக்கிய ரொட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, மணி குலுங்கக் குதித்துப் போய்விட்டார்.

மறுநாளும் அங்கேயே இருந்தேன், அதே எட்டு மணி, அதே வாசல். இந்த முறை ஹீட்டர் இரவு முழுக்க ஓடியது.