இருபது என்று எழுதினேன்

“அம்மணி, உங்களுக்கு எந்தக் கணக்கு வேண்டும்?”

2019-இல், வெள்ளகோவில் பக்கத்து எண்ணெய் மில் ஒன்றில், அரசாங்கப் புள்ளிவிவரப் படிவத்தில் ‘நிறுவப்பட்ட திறன்’, அதாவது ஆலையால் எவ்வளவு ஆட்ட முடியும், என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் முதலாளி கேட்டது இது. கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஜவுளிக் கடையில், “என்ன விலையில் பார்க்கிறீர்கள்?” என்று கேட்பார்களே, அந்தக் கரிசனத்தோடு கேட்டார். கொடுக்கிற பொருள் எனக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு.

அவரிடம் மூன்று கணக்கு இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டுக்காக வாங்கிய இசைவாணையில் நாளொன்றுக்கு 20 டன். அது கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் தொங்கியது. வங்கிக் கடனுக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் 40 டன். சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில், கடலை வரத்து நன்றாக இருந்த நாட்களில் 30 டன்.

“எது நிஜமுங்க ஐயா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “கொப்பரைக்கு ஒரு கணக்கு, கடலைக்கு ஒரு கணக்கு, எள்ளுக்கு ஒரு கணக்கு. எண்ணெய் பிழிகிற எக்ஸ்பெல்லரில் திருகு புதிதாக இருந்தால் ஒன்று, தேய்ந்துபோனால் ஒன்று. மழை பிடித்துக்கொண்டால் களத்தில் கொப்பரையே காயாது, அப்புறம் எதை ஆட்டுவது? 2012-இல் வந்து கேட்டிருந்தீர்கள் என்றால், கரண்ட் எத்தனை மணி நேரம் வருகிறதோ அதுதான் என் திறன் என்று சொல்லியிருப்பேன்.” கொஞ்சம் பொறுத்து, “சரி, நிஜம் கேட்கிறீர்கள், முப்பது” என்றார்.

அதற்கு முன்பே நான் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். எல்லா ஆலையிலும் சொல்வதுதான்: இது புள்ளிவிவரத்துக்கு மட்டும், வேறு எந்தத் துறைக்கும் போகாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறது. தருகிறவரின் அடையாளத்தோடு விவரத்தை இன்னொரு அலுவலகத்துக்குக் கொடுக்க முடியாது. வருமான வரிக்காரர்கள் கேட்டாலும் முடியாது என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்துச் சொல்வது என் பழக்கம். மோர் கொண்டுவந்து வைப்பார்கள்.

முப்பது என்று அவர் சொன்ன பிறகு நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். இருபது என்று எழுதினேன்.

அவர் கண்ணாடி போடாமலே கையெழுத்துப் போட்டார். எழுதியதைப் படித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏன் இருபது? காரணங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. படிவம் மேலே போனால், “ஆதாரம் என்ன?” என்று சீட்டு வரும். சுவரில் தொங்குவதுதான் ஆதாரம். சட்டைப்பை நோட்டு ஆதாரம் ஆகாது. அதோடு, முப்பது என்று எழுதினால் அனுமதிக்கு மேல் ஆட்டுகிறார் என்று என் கையாலேயே எழுதி வைத்ததாக ஆகாதா? பெரியவருக்கு என்னால் ஒரு தொல்லை வரக்கூடாது என்று நினைத்தேன். இப்படிச் சொல்லும்போது எனக்கே நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் விவரம் வேறு எங்கேயும் போகாது என்றால் தொல்லை எங்கிருந்து வரும்? கொடுத்த வாக்கில் எனக்கே நம்பிக்கை இருந்திருந்தால் முப்பது என்று எழுதுவதில் என்ன பயம்? அவர் என் பேச்சை நம்பி நிஜத்தைச் சொன்னார். அதை நம்பாத ஒரே ஆள் நான்தான். இந்த இடத்துக்கு வந்தால் என்னால் மேலே நகர முடிவதில்லை.

பொய்க்கு இன்னொரு பொய் துணைக்கு வேண்டும் என்பது சரிதான். மாத உற்பத்தியை அவர் பேரேட்டிலிருந்தே எடுத்தேன், அதில் கை வைக்கவில்லை. சில மாதங்களில் அது என் இருபதைத் தாண்டிவிட்டது. திறனை மிஞ்சி உற்பத்தி எப்படி என்று மேலிருந்து கேட்டார்கள். ‘மூன்று ஷிப்டு ஓடியது’ என்று எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளின் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன், ஏதோ துணை தேடுகிற மாதிரி. 2023-24-இல் நாட்டின் நிறுவப்பட்ட திறன் ஆண்டுக்குச் சுமார் 25.7 கோடி டன். அந்த ஆண்டு சுத்திகரித்த கச்சா எண்ணெய் சுமார் 26.1 கோடி டன். நூறு சதவீதத்துக்கு மேல்! அங்கே யாரும் பொய் எழுதவில்லை. ‘திறன்’ என்பது வடிவமைத்தவர்கள் பெயர்ப்பலகையில் போட்ட எண். பராமரிப்புக்கு நிறுத்துவதைத் தள்ளிப்போட்டால், ஒத்துப்போகிற கச்சா கிடைத்தால், சின்னச் சின்ன அடைப்புகளை எடுத்துவிட்டால், ஆலை அதைத் தாண்டி ஓடும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி சுத்திகரிப்பு ஆலைகளிடம் வாங்குகிற படிவத்தில் இரண்டு எண் கேட்கிறார்கள். எல்லாம் கூடிவந்து முழு மூச்சில் ஓடினால் 24 மணி நேரத்தில் எவ்வளவு என்று ஒன்று. நிற்கிற நாள், பழுது பார்க்கிற நாள் எல்லாம் கழித்துச் சராசரியாக ஒரு நாளைக்கு எவ்வளவு என்று இன்னொன்று. ஓடாமல் சும்மா நிற்கிற திறன் எவ்வளவு என்பதையும் தனியாகக் கேட்கிறார்கள்.

வெள்ளகோவில் முதலாளி கேட்டதும் அதே கேள்விதான்: எந்தக் கணக்கு? என் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டு கட்டம் இருந்திருந்தால் உண்மையை எழுதியிருப்பேனோ என்று கொஞ்ச நாள் ஆறுதல் தேடினேன். இரண்டிலும் சுவரைப் பார்த்துத்தான் எழுதியிருப்பேன் என்று தோன்றுகிறது. கட்டத்தின் மேல் பழி போடுவது எங்கள் வேலையில் ஊறிய பழக்கம்.

இதெல்லாம் மறந்துபோயிருக்கும். 2022 வந்தது. சமையல் எண்ணெய்க்கும் எண்ணெய் வித்துக்கும் இருப்பு உச்சவரம்பு போட்டிருந்த நேரம். வித்து ஆட்டுகிறவர்கள், தினசரித் திறனை வைத்துக் கணக்கிட்டு, 90 நாள் உற்பத்திக்கு ஈடான இருப்பை வைத்துக்கொள்ளலாம் என்று பிப்ரவரியில் ஆணை வந்தது. அதுவரை, திறனைக் குறைத்துச் சொன்னவன் பிழைத்தான். அந்த ஒரு ஆணையில் கணக்கு தலைகீழானது. நாளைக்கு 10 டன் வித்தியாசம் என்றால் 90 நாளைக்கு 900 டன் வித்து.

பெரியவர் போன் செய்தார். சோதனைக்கு வந்தவர்கள் சுவரில் இருந்த இருபதைப் பிடித்துக்கொண்டார்கள்; வரம்புக்கு மேல் இருப்பதை 30 நாளில் குறைக்க வேண்டும். “அம்மணி, அன்றைக்கு உங்களிடம் முப்பது என்று சொன்னேன் அல்லவா? அரசாங்கக் காகிதத்தில் முப்பது இருக்கிறது என்று ஒரு கடிதம் கொடுத்தீர்கள் என்றால் போதும். மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.”

“சட்டப்படி அந்த விவரத்தை வெளியே தர முடியாதுங்க ஐயா” என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருடமாக அதைக் கக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தருகிறவர் கைப்பட சம்மதம் எழுதிக் கொடுத்தால் வெளியிடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. எனக்குத் தெரியும், பயிற்சியில் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைச் சொன்னால் அவர் மறுநாளே எழுதிக்கொண்டு வந்து நிற்பார். கோப்பைத் திறந்தால் இருபது இருக்கும். ஒரு பிரிவைச் சொல்லி இன்னொரு பிரிவை மறைத்துவிட்டேன்.

“சட்டம் என்றால் சரிங்க” என்று வைத்துவிட்டார். கோபம் இல்லை. அவசரத்துக்குக் கடலையை விற்றதில் விலையை இறக்கிக் கேட்டார்கள் என்று பிறகு வேறு ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன்.

என் எண்ணால் அவருக்கு நட்டம் வரவில்லை. வந்தவர்கள் என் படிவத்தைப் பார்க்கவே இல்லை; சுவரைத்தான் பார்த்தார்கள். அனுமதிக்கு மேல் ஆட்டியது அவர், நான் இல்லை. நான் முப்பது என்று எழுதியிருந்தாலும் ஒரு புள்ளிவிவரப் படிவத்தைச் சோதனைக்காரர்கள் மதித்திருப்பார்களா என்பது சந்தேகம். இதெல்லாம் சரிதான். ஆனாலும் அந்த மில்லின் நிஜமான கணக்கு ஏறியிருக்கக்கூடிய அரசாங்கக் காகிதம் என்னுடையது ஒன்றுதான்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். சமையல் எண்ணெய் உற்பத்தியாளர்களுக்கான 2011-ஆம் ஆண்டு ஆணையை 2025 ஆகஸ்டில் திருத்தி, எல்லோரும் பதிவு செய்துகொண்டு மாதாமாதம் உற்பத்தி, இருப்புக் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதற்காக, இப்போது மில்லைப் பார்த்துக்கொள்கிற மகன் சில நாட்களுக்கு முன் கூப்பிட்டான். இசைவாணையையும் புதுப்பித்து முப்பதாக ஆக்கிவிட்டார்களாம்.

“அக்கா, பழைய காகிதத்தை எல்லாம் ஒரே எண்ணுக்குக் கொண்டுவருகிறோம். 2019-இல் உங்களிடம் கொடுத்தது முப்பதுதானுங்களே? அப்பா அப்படித்தான் சொல்கிறார்.”

ஞாபகம் இல்லை தம்பி என்றேன்.

“அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உங்களை விசாரித்துக்கொண்டே இருப்பாருங்க. கொடுக்கட்டுமா?”

“வேண்டாம் தம்பி, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன், சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன்” என்று வைத்தேன்.

அப்போது நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.