ஐ.ஜி.ஐ. 2: சேவ் கொடுத்துக் கெடுத்த ஆட்டம்

தனி ஆளாக எதிரி முகாமுக்குள் புகுந்து சுடுகிற கம்ப்யூட்டர் கேம் ஐ.ஜி.ஐ. அதன் இரண்டாம் பாகமான ஐ.ஜி.ஐ. 2 மோசமான கேம் இல்லை. முதல் பாகம் என்று ஒன்று வராமலேயே இருந்திருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்போம். இரண்டையும் சமீபத்தில் பழைய கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தேன். எங்கே இடிக்கிறது என்று இப்போதுதான் தெளிவாகப் புரிந்தது.

முதல் ஐ.ஜி.ஐ. 2000 கடைசியில் வந்தது. கோத்தகிரி பிரவுசிங் சென்டர்களுக்கு அது வந்து சேர்ந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். மொத்தம் 14 மிஷன். நடுவில் சேவ் கிடையாது, அதாவது ஆடிய இடம்வரை பதிந்து வைத்துக்கொள்ள முடியாது. கடைசி கேட்டுக்குப் பக்கத்தில் செத்தாலும் முதல் வேலியிலிருந்துதான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இதில் எங்கள் ஊர் கரண்ட் வேறு. ஊட்டிப் பக்கம் ஆடியில் கொட்டும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். எங்கேயாவது ஒரு மரம் லைன் மேல் சாயும், எல்லா மானிட்டரும் ஒரே நேரத்தில் அணையும், "போச்சுடா!" என்று சென்டரே அலறும். பைக்காராவில் 1932லேயே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்த மாவட்டம் இது என்று பெருமை வேறு!

ஆனால் அந்த சேவ் இல்லாத கொடுமைதான் ஆட்டத்தையே ஆட்டமாக்கியது. குன்றின் மேல் நின்று பைனாகுலரில் முகாமை அளந்துவிட்டுத்தான் இறங்குவோம். காவல் கோபுரத்தில் ஆள் இருக்கிறானா, கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, ரோந்து போகிறவன் எங்கே போய்த் திரும்புகிறான். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவன் காதுக்குள் ஓதிக்கொண்டே இருப்பான்: "டேய், மொதல்ல கேமராவ ஆஃப் பண்ணுடா, அலாரம் அடிச்சா பாரக்ஸ்ல இருந்து வந்துட்டே இருப்பானுங்க." நிஜமாகவே வந்துகொண்டே இருப்பார்கள். சுடச் சுட முளைப்பார்கள். அது அழுகுணி ஆட்டம்தான், மறுக்கவில்லை. எதிரிகளுக்கு மூளையும் கம்மி. ஆனாலும் மவுஸ் பிடித்த கை வியர்க்கும், அதுவும் கோத்தகிரிக் குளிரில்.

அந்த நிலப்பரப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செய்தவர்கள் நார்வேயின் இன்னர்லூப். அதற்கு முன் 1997ல் ஜாயின்ட் ஸ்டிரைக் ஃபைட்டர் என்று ஒரு போர் விமான கேம் செய்திருந்தார்கள். அந்த விமான கேமின் எஞ்சினை, அதாவது பரந்த நிலப்பரப்பைத் திரையில் வரைகிற அடிப்படை மென்பொருளை வைத்துத்தான் ஐ.ஜி.ஐ.யையும் செய்தார்கள். அதனால் தூரத்து மலை வெறும் திரைச்சீலை இல்லை, நடந்தே போகலாம். கோடநாடு வியூ பாயின்ட்டில் நின்று கீழே தெங்குமரஹாடாவைப் பார்க்கிற மாதிரி, மொத்த முகாமும் காலடியில் கிடக்கும். மலைக்காரப் பையன்களுக்கு அது போதாதா!

2003ல் இரண்டாம் பாகம். 19 மிஷன், ருமேனியா, லிபியா, சீனா என்று ஊர் சுற்றல். தரையோடு தரையாகப் படுக்கலாம், நண்பர்களோடு சேர்ந்து ஆடலாம், படமும் பளபளப்பு. கூடவே மிஷனுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்த சேவ்.

அந்த சேவ்தான் வினை. கேட் தாண்டினால் ஒரு சேவ். மாடி ஏறினால் ஒரு சேவ். அப்புறம் என்ன, கதவைத் திறந்துகொண்டு ஓடு, சுடு, செத்தால் சேவ் போட்ட இடத்திலிருந்து லோடு. பைனாகுலரை யார் எடுக்கிறார்கள்? கஷ்டமாக இருக்கிறது என்று முதல் பாகத்தைத் திட்டியவர்கள் கேட்டதைத்தான் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயத்தை எடுத்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. திருட்டுப்போன சிப், சதி என்று கதையை நீட்டியதெல்லாம் அதற்கு ஈடாகாது. முதல் பாகத்தின் ஒவ்வொரு முகாமும் எனக்கு இன்னும் வழி தெரியும். இரண்டாவதில் போன வாரம் ஆடிய மிஷனே கலங்கலாகத்தான் இருக்கிறது.

அக்கா மகனுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. "சேவ் இல்லாம யாரு மாமா ஆடுவா?" என்கிறான். சரி, ஐ.ஜி.ஐ. 2வையே சேவ் போடாமல் ஆடிக் காட்டு என்று பந்தயம் கட்டியிருக்கிறேன். இன்னும் ருமேனியாவைத் தாண்டவில்லை. ஒரே ஒரு சேவ் போட்டுக்கட்டுமா என்று தினமும் வாட்ஸாப்பில் பேரம் நடக்கிறது.